குத்துச்சண்டையில் சர்ச்சைக்குரிய புள்ளித் தீர்ப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சண்டை நாக் அவுட்டில் முடியாவிட்டால் வெற்றியாளர் எப்படித் தீர்மானிக்கப்படுகிறார்?

தொழில்முறைக் குத்துச்சண்டையில் மேடையோரமாக, வெவ்வேறு பக்கங்களில், மூன்று நடுவர்கள் அமர்ந்திருப்பார்கள். மேடைக்குள் நின்று வீரர்களைப் பிரித்துவிட்டு, விதிமீறலைக் கண்டிக்கும் களநடுவருக்கு இன்றைய பெரிய சண்டைகளில் புள்ளி போடும் வேலை கிடையாது. ஒவ்வொரு சுற்றும் முடிந்தவுடன் ஒவ்வொரு நடுவரும், அந்தச் சுற்றை வென்றவருக்கு 10 புள்ளியும் தோற்றவருக்கு 9 அல்லது அதற்கும் குறைவாகவும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஒருவர் தரையில் வீழ்த்தப்பட்டிருந்தால் அந்தச் சுற்று வழக்கமாக 10-8 ஆகும். உலகப் பட்டச் சண்டை என்றால் 12 சுற்றுகளின் கூட்டுத்தொகையே அந்த நடுவரின் முடிவு.

மூன்று நடுவர்களும் ஒரே வீரரைத் தேர்ந்தால் அது ஒருமனதான தீர்ப்பு. இருவர் ஒருவரையும் மூன்றாமவர் எதிராளியையும் தேர்ந்தால் பிளவுத் தீர்ப்பு. இருவர் ஒருவரைத் தேர்ந்து மூன்றாமவர் சமம் என்று எழுதினால் பெரும்பான்மைத் தீர்ப்பு. நடுவர்கள் புள்ளி எழுதும் மூன்று அட்டைகளில் இரண்டாவது ஒரே வீரரின் பக்கம் நிற்கவில்லை என்றால் சண்டை டிரா; அப்போது பட்டம் ஏற்கெனவே வைத்திருந்தவரிடமே இருக்கும்.

நடுவர்கள் எதை வைத்து ஒரு சுற்றை மதிப்பிடுகிறார்கள்?

தெளிவாகவும் வலுவாகவும் விழுந்த குத்துகள், பயன் தரும் முன்னேற்றம், மேடையைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் திறமை, தற்காப்பு என்று நான்கைச் சொல்வார்கள். இவற்றில் முதலாவதே மற்ற மூன்றையும் விட முக்கியமானது என்பது பொதுவான புரிதல். ஆனால் எதற்கு எவ்வளவு எடை என்று எண்ணிக்கையாக எங்கும் வகுக்கப்படவில்லை. இடைவிடாமல் முன்னேறி வந்து பாதிக் குத்துகளைக் காற்றில் வீசுபவரை ஒரு நடுவர் ஆதிக்கம் செலுத்துபவராகக் காண்பார். பின்வாங்கியபடியே ஜாப் எனப்படும் நேரான முன்கைக் குத்துகளைச் சரியாகச் செலுத்துபவரையே பக்கத்திலிருக்கும் நடுவர் வெற்றியாளராகக் காண்பார். இருவரும் விதியை மீறவில்லை.

நான் பார்த்தபோது ஒருவர் தெளிவாக வென்றார். அட்டையில் மட்டும் எப்படித் தோற்றார்?

சுற்றுவாரிக் கணக்கில் நூலிழையில் வென்ற சுற்றும், எதிராளியைத் திணறடித்து வென்ற சுற்றும் பெரும்பாலும் 10-9 என்றே எழுதப்படுகின்றன. ஒருவர் ஐந்து சுற்றுகளில் எதிராளியைப் புரட்டி எடுத்தும் வீழ்த்தாமல் விட்டு, மீதி ஏழு சுற்றுகளை மிக மெல்லிய வித்தியாசத்தில் இழந்தால் 113-115 என்று தோற்றுப்போவார். முழுச் சண்டையையும் ஒரே காட்சியாக நினைவில் வைத்திருக்கும் ரசிகருக்கு இது அநியாயமாகப் படும். ஆனால் இது விதியின் விளைவே தவிர, நடுவரின் பிழை அல்ல. எனவே ஒரு தீர்ப்பைக் குறை சொல்லும் முன், எந்தச் சுற்று எந்த நடுவரின் அட்டையில் யார் பக்கம் போனது என்று பார்த்துவிட வேண்டும். அப்படிப் பார்த்தால், பழி சுமக்கும் அட்டை ஒன்றாகவும், முடிவைத் தீர்மானித்த அட்டை வேறொன்றாகவும் இருப்பது அடிக்கடி தெரியவரும். கீழே உள்ள பல பதில்கள் இதைத்தான் காட்டுகின்றன.

1999 லூயிஸ்-ஹோலிஃபீல்ட் சண்டையில் உண்மையில் என்ன நடந்தது?

1999 மார்ச் 13 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், டபிள்யூ.பி.சி. பட்டத்தை வைத்திருந்த லெனாக்ஸ் லூயிஸும், டபிள்யூ.பி.ஏ., ஐ.பி.எஃப். பட்டங்களை (மூன்றும் உலகப் பட்டம் தரும் அமைப்புகள்) வைத்திருந்த இவாண்டர் ஹோலிஃபீல்டும் ஹெவிவெயிட் பட்டங்களை ஒன்றாக்க மோதினார்கள். குத்துகளை எண்ணும் கம்ப்யூபாக்ஸ் கணக்கின்படி லூயிஸின் 348 குத்துகள் இலக்கில் விழுந்தன. ஹோலிஃபீல்டின் குத்துகள் 130 மட்டுமே. ஆனால் தீர்ப்பு டிரா என்று வந்தது. தென்னாப்பிரிக்காவின் ஸ்டான்லி கிறிஸ்டோடூலூ 116-113 என்று லூயிஸுக்கும், அமெரிக்காவின் யூஜீனியா வில்லியம்ஸ் 115-113 என்று ஹோலிஃபீல்டுக்கும் கொடுத்திருந்தார்கள். இங்கிலாந்தின் லாரி ஓகானல் 115-115 என்று எழுதியிருந்தார்.

கோபம் முழுவதும் வில்லியம்ஸ் மீது திரும்பியது. அதற்குக் காரணம் ஐந்தாவது சுற்று. அந்தச் சுற்றில் லூயிஸ் 43 குத்துகளையும் ஹோலிஃபீல்ட் 11 குத்துகளையும் செலுத்தியிருந்தபோதும் வில்லியம்ஸ் அதை ஹோலிஃபீல்டுக்குக் கொடுத்திருந்தார். பின்னர் நடந்த விசாரணையில், தாம் அமர்ந்திருந்த இடத்திலிருந்து பார்வை மறைந்ததாகவும், காணொளியில் பார்த்தபோது அந்தச் சுற்றை லூயிஸுக்கே கொடுத்திருப்பேன் என்றும் அவர் சொன்னார்.

இப்போது அந்தச் சுற்றை மாற்றிப் போட்டுப் பாருங்கள். வில்லியம்ஸின் அட்டை 114-114 ஆகும். ஓகானலின் அட்டை 115-115 ஆகவே இருக்கும். லூயிஸ் பக்கம் ஒரே ஓர் அட்டைதான் நிற்கும். அதாவது அந்தப் பெரும்பிழையைத் திருத்தினாலும் சண்டை டிராதான். 12 சுற்றுகளில் 115-115 என்ற கணக்கு வர வேண்டுமானால், விதிமீறலுக்காகவோ வீழ்ச்சிக்காகவோ புள்ளிகள் கழிக்கப்படாதபோது, இரண்டு சுற்றுகளை 10-10 என்று சமமாக எழுதியிருக்க வேண்டும். அந்த இரண்டில் ஒன்றை மட்டும் ஓகானல் லூயிஸுக்கு எழுதியிருந்து, வில்லியம்ஸ் எதையும் மாற்றாமல் இருந்திருந்தாலும், லூயிஸ் பிளவுத் தீர்ப்பில் வென்றிருப்பார். சமம் என்று எழுதுவது நடுநிலை போலத் தோன்றும். பல வேளைகளில் அது முடிவெடுக்காமல் நழுவுவதாகவே அமைந்துவிடுகிறது. அதே ஆண்டு நவம்பரில் லாஸ் வேகாஸில் நடந்த மறுசண்டையில் லூயிஸ் ஒருமனதாக வென்றார். முதல் சண்டையை விட அது நெருக்கமான சண்டை என்பதும் குறிப்பிடத்தக்கது.

2017இல் அடலெய்ட் பேர்ட் எழுதிய 118-110 அட்டைதான் கொலோவ்கினின் வெற்றியைப் பறித்ததா?

தனியாக அது பறிக்கவில்லை. 2017 செப்டம்பர் 16 அன்று லாஸ் வேகாஸில் கெனாடி கொலோவ்கினும் கனேலோ ஆல்வரெஸும் மோதிய சண்டையில் டேவ் மொரெட்டி 115-113 என்று கொலோவ்கினுக்குக் கொடுத்தார். டான் டிரெல்லா 114-114 என்று எழுதினார். பேர்ட் 118-110 என்று ஆல்வரெஸுக்குக் கொடுத்தார். கொலோவ்கினுக்கு 12இல் இரண்டே சுற்றுகள் என்ற அந்த அட்டையை நியாயப்படுத்த என்னால் இயலவில்லை. ஆனால் பேர்ட் 115-113 என்று எழுதியிருந்தாலும் அது ஆல்வரெஸ் பக்கம் ஓர் அட்டைதான். நடுவர் தீர்ப்பில் வித்தியாசத்தின் அளவு எண்ணப்படுவதில்லை. அட்டைகளின் எண்ணிக்கையே எண்ணப்படுகிறது.

டிராவுக்கு உண்மையான காரணத்தை டிரெல்லாவின் அட்டையில்தான் தேட வேண்டும். ஏழாவது சுற்றை அவர் ஆல்வரெஸுக்குக் கொடுத்திருந்தார். கொலோவ்கினுக்கு இரண்டே சுற்றுகள் கொடுத்த பேர்ட் கூட அந்த ஏழாவது சுற்றைக் கொலோவ்கினுக்குத்தான் கொடுத்திருந்தார். டிரெல்லாவும் அப்படியே எழுதியிருந்தால் அவர் கணக்கு 115-113 ஆகி, கொலோவ்கின் பட்டங்களோடு வெற்றியையும் எடுத்துச் சென்றிருப்பார். ஊரே பேர்டைத் திட்டிக்கொண்டிருந்ததால் இந்த ஒற்றைச் சுற்று பலர் கவனத்துக்கு வரவே இல்லை.

2012 பாக்கியாவ்-பிராட்லி தீர்ப்பு ஏன் இத்தனை பேசப்படுகிறது?

அதில் விசித்திரமான அட்டை ஒன்று கூட இல்லை என்பதே காரணம். 2012 ஜூன் 9 அன்று லாஸ் வேகாஸில் டுவேன் ஃபோர்ட், சி. ஜே. ராஸ் இருவரும் 115-113 என்று டிமொத்தி பிராட்லிக்கும், ஜெர்ரி ராத் அதே 115-113 என்று மேனி பாக்கியாவுக்கும் கொடுத்தார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நெருக்கமான சண்டையின் இயல்பான பிளவு இது. ஆனால் அரங்கிலும் தொலைக்காட்சியிலும் பார்த்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அதை நெருக்கமான சண்டையாகவே காணவில்லை. கம்ப்யூபாக்ஸ் கணக்கும் பாக்கியாவுக்கு 253, பிராட்லிக்கு 159 என்றது. உலகப் பட்டம் தரும் இன்னோர் அமைப்பான டபிள்யூ.பி.ஓ. ஐந்து நடுவர்களைக் கொண்டு காணொளியை மறு ஆய்வு செய்தபோது ஐவரும் பாக்கியாவே வென்றதாக எழுதினார்கள். நெவாடா மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் விசாரித்து, குற்றச் செயலுக்கான ஆதாரம் எதுவும் இல்லை என்றது. பட்டம் பிராட்லியிடமே இருந்தது. 2014 ஏப்ரலில் நடந்த மறுசண்டையில் பாக்கியாவ் ஒருமனதாக வென்று அதை மீட்டார்.

அப்படியானால் நடுவர்கள் லஞ்சம் வாங்குகிறார்களா?

குத்துச்சண்டையின் வரலாற்றில் விலைபோன சண்டைகள் உண்டு. ஆனால் மேலே சொன்ன தீர்ப்புகளில் எந்த நடுவரும் பணம் வாங்கியதாக நிரூபிக்கப்படவில்லை. லஞ்சம் என்று சொல்லிவிட்டால் விஷயம் எளிதாக முடிந்துவிடும். அதனாலேயே ரசிகர்களுக்கு அந்த விளக்கம் பிடிக்கிறது. யார் நடுவரை நியமிக்கிறார்கள், யார் செலவில் அவர் அங்கே வருகிறார், அடுத்த சண்டைக்கு அவரை மறுபடி அழைப்பது யார் என்ற கேள்விகள் சலிப்பூட்டுபவை. ஆனால் நோய் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

அமெரிக்காவில் நடுவர்களுக்கு உரிமம் தருவதும் அவர்களை நியமிப்பதும் மாநிலக் குத்துச்சண்டை ஆணையத்தின் பொறுப்பு. ஆனால் உலகப் பட்டச் சண்டைகளில் பட்டம் தரும் அமைப்புகள் பெயர்களை முன்மொழிகின்றன. லூயிஸ்-ஹோலிஃபீல்ட் சண்டையில் மூன்று பட்ட அமைப்புகளின் சார்பில் ஆளுக்கொரு நடுவர் வந்தார்கள். அந்த அமைப்புகளின் வருமானம், வீரர்களின் ஊதியத்தில் ஒரு பங்காக வரும் அங்கீகாரக் கட்டணம். எனவே கூட்டம் சேர்க்கும் வீரர் சாம்பியனாக இருந்தால் அவர்களுக்கு வருமானம் கூடும். நடுவரின் ஊதியமோ சண்டையை நடத்தும் புரமோட்டரின் செலவுக் கணக்கில்தான் போகிறது. 2000இல் அமெரிக்கா இயற்றிய முகமது அலி குத்துச்சண்டைச் சீர்திருத்தச் சட்டம், நடுவர்கள் தாங்கள் பெறும் ஊதியத்தை ஆணையத்திடம் வெளிப்படுத்த வேண்டும் என்றது. அது பயனுள்ளதுதான்; ஆனால் யார் தங்களை மறுபடி அழைப்பார்கள் என்ற நினைப்பை எந்தப் படிவத்திலும் எழுதி வாங்க முடியாது.

வெளிநாட்டு நடுவர்களை நியமித்தால் சார்பு நீங்காதா?

எப்போதும் நீங்குவதில்லை. 1993 செப்டம்பர் 10 அன்று டெக்சாஸின் சான் அன்டோனியோவில் உள்ள அலமோடோமில், பெர்னெல் விட்டேக்கர் தம் வெல்டர்வெயிட் பட்டத்துக்காக, 87 சண்டைகளில் ஒன்றில் கூடத் தோற்காமல் வந்திருந்த மெக்சிகோவின் ஹூலியோ சீசர் சாவேஸை எதிர்கொண்டார். அரங்கை நிறைத்த கூட்டத்தில் பெரும்பகுதி சாவேஸ் ரசிகர்கள். விட்டேக்கர் சாவேஸை ஒரு பாடம் நடத்துவது போலக் கையாண்டார் என்பதே அன்று பார்த்தவர்களின் பொதுவான கருத்து. இங்கிலாந்தின் மிக்கி வானும் சுவிட்சர்லாந்தின் ஃபிரான்ஸ் மார்ட்டியும் 115-115 என்று எழுதினார்கள். டெக்சாஸைச் சேர்ந்த உள்ளூர் நடுவர் ஜாக் உட்ரஃப்தான் விட்டேக்கருக்கு 115-113 கொடுத்தார்.

1987 ஏப்ரல் 6 அன்று நடந்த ஹாக்லர்-லியோனர்ட் சண்டை இன்னொரு உதாரணம். இங்கிலாந்தின் ஹாரி கிப்ஸ் நடுவராக வரவிருந்தபோது மார்வின் ஹாக்லரின் தரப்பே ஆட்சேபித்தது. அவருக்குப் பதிலாக மெக்சிகோவின் ஜோ ஜோ கெர்ரா வந்தார். கெர்ரா 118-110 என்று ஷுகர் ரே லியோனர்டுக்குக் கொடுத்தார். டேவ் மொரெட்டி 115-113 என்று லியோனர்டுக்கும், லூ ஃபிலிப்போ அதே கணக்கில் ஹாக்லருக்கும் கொடுத்தார்கள். கிப்ஸோ தாம் பார்த்த அளவில் ஹாக்லரே வென்றதாகப் பின்னர் சொன்னார்.

ஒரே ஒருவர் புள்ளி போட்ட காலம் இருந்ததாகச் சொல்கிறார்களே?

ஆம். பிரிட்டனில் நெடுங்காலம் களநடுவர் ஒருவரே தீர்ப்பும் சொன்னார். அங்கே சிறிய சண்டைகளில் இன்றும் அப்படியே. 1971 மார்ச் 16 அன்று வெம்பிளியில் ஜோ பக்னரும் நாட்டின் செல்லப்பிள்ளையான ஹென்றி கூப்பரும் 15 சுற்றுகள் மோதினார்கள். களநடுவர் கால் புள்ளி வித்தியாசத்தில், 73¾-73½ என்று, பக்னரின் கையை உயர்த்தினார். அந்தக் களநடுவர் வேறு யாருமல்ல, மேலே சொன்ன ஹாரி கிப்ஸ்தான்.

குத்துகளை எண்ணும் கணக்கை வைத்தே வெற்றியாளரை அறிவித்துவிடலாமே?

கம்ப்யூபாக்ஸில் வீரருக்கு ஒருவராக இரண்டு ஆட்கள் அமர்ந்து, குத்து விழும்போதெல்லாம் விசையை அழுத்துகிறார்கள். அதுவும் மனிதக் கண்ணை நம்பிய கணக்குத்தான். தவிர, தலையைப் பின்னுக்குச் சாய்க்கும் ஒரு வலது கை அடியும், நெற்றியைத் தொட்டுச் செல்லும் ஒரு ஜாபும் அதில் ஆளுக்கு ஒன்று என்றே எண்ணப்படும். 2017 ஜூலை 2 அன்று பிரிஸ்பேனில் ஜெஃப் ஹார்ன் பாக்கியாவை ஒருமனதாக வென்றபோது, பாக்கியாவ் 182, ஹார்ன் 92 என்றது கம்ப்யூபாக்ஸ். ஆனால் டபிள்யூ.பி.ஓ.வின் மறு ஆய்வில் ஹார்ன் ஏழு சுற்றுகளை வென்றதாகவே முடிவானது. எண்ணிக்கை அதிகம் என்பதும் சுற்றுகள் அதிகம் என்பதும் வெவ்வேறு. ஒரு தீர்ப்பு ஐயத்துக்குரியது என்று சுட்டிக்காட்ட இந்த எண்கள் உதவும். தீர்ப்புச் சொல்ல உதவா.

தவறான தீர்ப்பை ரத்து செய்ய முடியாதா?

கூட்டலில் பிழை, கூட்டுச்சதி, விதியைத் தவறாகப் பயன்படுத்துதல் போன்ற காரணங்களுக்கு மட்டுமே ஆணையங்கள் முடிவில் கைவைக்கின்றன. நடுவரின் மதிப்பீடு தவறு என்பது அவற்றில் சேராது. 2005இல் ஜான் ரூயிஸை வென்ற ஜேம்ஸ் டோனியின் வெற்றி ரத்தானது. ஆனால் காரணம் ஊக்கமருந்துப் பரிசோதனை. பட்ட அமைப்புகள் செய்யக்கூடியது அதிகபட்சம் மறுசண்டைக்கு உத்தரவிடுவது. 1995இல் ஜார்ஜ் ஃபோர்மன் ஜெர்மனியின் ஆக்செல் ஷூல்ஸை வென்ற தீர்ப்பு சர்ச்சையானபோது ஐ.பி.எஃப். அப்படி உத்தரவிட்டது; ஃபோர்மன் மறுத்து, பட்டத்தை இழந்தார்.

நடுவர்கள் தண்டிக்கப்பட்டதுண்டா?

அரிதாக. 2011 ஜூலையில் அட்லாண்டிக் சிட்டியில் பால் வில்லியம்ஸ் எரிஸ்லாண்டி லாராவைப் பெரும்பான்மைத் தீர்ப்பில் வென்ற பிறகு, நியூ ஜெர்சி ஆணையம் மூன்று நடுவர்களையும் காலவரையின்றி இடைநீக்கம் செய்தது. முடிவு மட்டும் மாறவில்லை. பாக்கியாவ்-பிராட்லி சண்டையில் இருந்த சி. ஜே. ராஸ், 2013 செப்டம்பரில் மேவெதர்-ஆல்வரெஸ் சண்டையை 114-114 என்று எழுதினார். மற்ற இருவரும் மேவெதருக்குத் தெளிவான வெற்றி கொடுத்திருந்தார்கள். அதன் பிறகு அவர் தாமாகவே ஒதுங்கிக்கொண்டார். ஒரு பெரும் சர்ச்சைக்கு அடுத்த ஆண்டே அதைவிடப் பெரிய சண்டைக்கு அவரை நியமித்தவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

2022 டெய்லர்-கேட்டரால் தீர்ப்பில் கணக்கு எப்படி வந்தது?

2022 பிப்ரவரி 26 அன்று கிளாஸ்கோவில், தம் எடைப்பிரிவில் நான்கு அமைப்புகளின் பட்டங்களையும் வைத்திருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜோஷ் டெய்லர், இங்கிலாந்தின் ஜாக் கேட்டராலைச் சொந்த மண்ணில் சந்தித்தார். எட்டாவது சுற்றில் டெய்லர் வீழ்த்தப்பட்டார். பின்னர் இருவருக்கும் விதிமீறலுக்காக ஆளுக்கொரு புள்ளி கழிக்கப்பட்டது. இயன் ஜான்-லூயிஸ் 114-111 என்றும், விக்டர் லாக்லின் 113-112 என்றும் டெய்லருக்குக் கொடுக்க, ஹோவர்ட் ஃபாஸ்டர் 113-112 என்று கேட்டராலுக்குக் கொடுத்தார்.

கழிவுகளை நீக்கிப் பார்த்தால் ஜான்-லூயிஸ் எட்டுச் சுற்றுகளையும், லாக்லின் ஏழு சுற்றுகளையும் டெய்லருக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பது தெரியும். இன்னும் வியப்பானது ஃபாஸ்டரின் அட்டை: கேட்டரால் பக்கம் நின்ற அவரும் சுற்றுகளை ஆறு-ஆறு என்றுதான் பிரித்திருந்தார், டெய்லர் தரையில் விழுந்ததால் போன ஒற்றைப் புள்ளியே கேட்டராலை அங்கே முன்னே நிறுத்தியது. கேட்டராலே பெரும்பகுதிச் சுற்றுகளை வென்றார் என்று கருதியவர்களுக்கு, மூன்று அட்டைகளில் ஒன்று கூட ஆதரவாக இல்லை. பிரிட்டிஷ் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டு வாரியம் விசாரித்து ஜான்-லூயிஸை மட்டும் ஒரு படி தரம் இறக்கியது. அகன்ற அட்டையைத் தண்டிப்பதும், அதே முடிவுக்கு வந்த குறுகிய அட்டையைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் இங்கும் நடந்தது.

ஒவ்வொரு சுற்றுக்கும் புள்ளிகளை உடனே அறிவித்தால் என்ன?

டபிள்யூ.பி.சி. நான்காவது, எட்டாவது சுற்றுகளுக்குப் பின் அறிவிக்கும் முறையைக் கையாள்கிறது. 1999 செப்டம்பரில் ஆஸ்கர் டி லா ஹோயா, தாம் முன்னிலையில் இருப்பதாக நம்பிக் கடைசிச் சுற்றுகளில் ஃபெலிக்ஸ் டிரினிடாடை விட்டு விலகி ஓடி, பெரும்பான்மைத் தீர்ப்பில் தோற்றார். கணக்குத் தெரிந்திருந்தால் நின்று மோதியிருப்பார். ஆனால் உண்மையிலேயே முன்னிலையில் இருப்பவருக்கும் கணக்குத் தெரிந்துவிட்டால் அவரும் ஓடத்தான் செய்வார். கூச்சலிடும் கூட்டத்தின் நடுவே, அறிவிக்கப்பட்ட தம் அட்டையோடு மீதிச் சுற்றுகளுக்கு அமர்ந்திருக்கும் நடுவரின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இது எனக்கு முழுத் தீர்வாகத் தோன்றவில்லை.

செயற்கை நுண்ணறிவு நடுவராக வருமா?

2024 டிசம்பர் 21 அன்று ரியாத்தில் நடந்த உசிக்-ஃபியூரி இரண்டாவது சண்டையில், முடிவைப் பாதிக்காத சோதனையாக அப்படி ஒன்று பயன்படுத்தப்பட்டது. மூன்று நடுவர்களும் 116-112 என்று உசிக்குக்குக் கொடுக்க, இயந்திரம் 118-112 என்று அவருக்கே கொடுத்தது. எல்லோரும் ஒத்துப்போகும் சண்டையில் அதுவும் ஒத்துப்போனது என்பதற்கு மேல் இதிலிருந்து எதுவும் தெரியவில்லை. ஆட்களைக் கொண்டே செய்யக்கூடிய எளிய மாற்றங்கள் இருக்கின்றன: புரமோட்டரும் பட்ட அமைப்பும் தொடாத நியமனம், நடுவர்களுக்கு மறைவில்லாத உயர்ந்த இருக்கை, சர்ச்சைக்குப் பின் ஒவ்வொரு சுற்றுக்கும் எழுத்தில் விளக்கம்.

ஒலிம்பிக் சர்ச்சைகளும் இதே வகையா?

அது தனிக் கதை. 1988 சியோலில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் நடுவர்களின் 3-2 கணக்கில் தோற்ற தீர்ப்புக்குப் பின் அங்கே பொத்தானை அழுத்தும் மின்னணு முறை வந்தது. பின்னர் அதுவும் கைவிடப்பட்டு, தொழில்முறைச் சண்டையின் பத்துப் புள்ளி முறையே அங்கும் வந்து சேர்ந்தது.

மறுசண்டை கிடைத்துவிட்டால் நியாயம் கிடைத்ததாகாதா?

லூயிஸுக்கும் பாக்கியாவுக்கும் அப்படி அமைந்தது. விட்டேக்கர்-சாவேஸ் மறுசண்டை நடக்கவே இல்லை. ஹாக்லர் அந்த இரவுக்குப் பின் மேடை ஏறவில்லை. கொலோவ்கின் 2018இல் 36 வயதில் மறுசண்டையில் பெரும்பான்மைத் தீர்ப்பில் தோற்றார். 40 வயதில் நடந்த மூன்றாவது சண்டையிலும் தோற்றார். கேட்டரால் 2024 மே மாதம் லீட்ஸில் டெய்லரை ஒருமனதாக வென்றார். ஆனால் கிளாஸ்கோவில் பந்தயத்தில் இருந்த நான்கு பட்டங்களில் ஒன்று கூட அப்போது டெய்லரிடம் மீதமில்லை.